"தப்பான வைட்டமின் ஈ-யைச் சோதித்துவிட்டார்கள்": டோகோட்ரையினால் வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்

வைட்டமின் ஈ மாத்திரைகளுக்காகப் பேசுபவர்கள் பல வருஷங்களாக ஒரு வாதத்தைச் சொல்லி வருகிறார்கள். பெரிய ஆய்வுகளில் வைட்டமின் ஈ தோற்றுப்போனது உண்மைதான். ஆனால் அங்கே சோதித்தது ஆல்பா டோகோஃபெரால் என்ற ஒரே ஒரு வடிவத்தை. இயற்கையில் வைட்டமின் ஈ எட்டு வடிவங்களில் இருக்கிறது: ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு டோகோஃபெரால், அதே பெயர்களில் நான்கு டோகோட்ரையினால். மற்ற ஏழையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு "வைட்டமின் ஈ பிரயோஜனமில்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சோதித்ததே தப்பான வடிவம், அவ்வளவுதான் விஷயம். ஆகவே டோகோட்ரையினால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கடைசி வாக்கியம் வரும் வரைக்கும் இந்த வாதம் நன்றாகத்தான் போகிறது. முதல் பாதி பெரும்பாலும் உண்மை. அதனால்தான் படித்தவர்களே இதில் விழுகிறார்கள். எனவே முதலில் உண்மையான பாதியைப் பார்த்துவிடுவோம், அதுதான் சுவாரசியமான கதையும்கூட.

1922-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். அப்போது தெரிந்திருந்த வைட்டமின்கள் எல்லாம் அதில் இருந்தன. எலிகள் நன்றாக வளர்ந்தன, கருவும் தரித்தன. ஆனால் கரு வயிற்றுக்குள்ளேயே செத்துக் கரைந்துபோனது. லெட்யூஸ் கீரையோ கோதுமை முளையோ கொடுத்தால் குட்டிகள் பிழைத்தன. அந்தக் கீரையில் இருந்த பெயர் தெரியாத பொருள்தான் பிறகு வைட்டமின் ஈ ஆனது. 1936-ல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, பேறுகாலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் 'சுமப்பது' என்ற பொருளுள்ள சொல்லையும் சேர்த்து டோகோஃபெரால் என்று பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வைட்டமின் ஈ என்றால் என்ன என்பதற்கு வரையறையே அந்த எலிச் சோதனைதான். ஒரு பொருள் எலியின் கருவைக் காப்பாற்றினால் அதற்கு மார்க் உண்டு. ஆல்பா டோகோஃபெராலுக்கு 100 என்று வைத்தால் காமா டோகோஃபெராலுக்கு 10 சொச்சம், ஆல்பா டோகோட்ரையினாலுக்கு 30 வாக்கில். எங்கள் தொழிலில் சொல்வதானால், ஒரே ஒரு டெஸ்ட் கேஸை எழுதிவிட்டு, அதில் பாஸ் ஆனதைத்தான் சாஃப்ட்வேர் என்று ஒத்துக்கொள்வேன் என்பது போல. காமா டோகோஃபெரால் உடம்பில் வேறு ஏதாவது வேலை பார்த்தால் அதை அந்தச் சோதனை பார்க்கவே பார்க்காது. 2000-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்று அளவு நிர்ணயித்தபோதும் ஆல்பா டோகோஃபெராலை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. 2006-ல் ஓஹியோவைச் சேர்ந்த சந்தன் சென் குழு எழுதிய ஒரு கட்டுரை, வைட்டமின் ஈ பற்றிய மொத்த ஆராய்ச்சியில் டோகோட்ரையினால் பற்றியது ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று குறைபட்டுக்கொண்டது. நியாயமான குறைதான்.

ஆனால் எலியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்முடைய கல்லீரலே ஆல்பாவின் பக்கம்தான். நாம் சாப்பிடும் எட்டு வடிவமும் குடலில் ஏறக்குறைய ஒரே மாதிரி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே ஒரு புரதம் வாசலில் நிற்கிறது. ஆல்பா டோகோஃபெரால் கடத்துபுரதம் என்று சொல்லலாம். அது ஆல்பாவைப் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புகிறது. மற்றவை பெரும்பாலும் சிதைக்கப்பட்டுச் சிறுநீர் வழியாகவும் பித்தம் வழியாகவும் வெளியே போகின்றன. 1997-ல் ஜப்பானில் அளந்து பார்த்தார்கள். அந்தப் புரதத்துக்கு ஆல்பா டோகோஃபெரால் மேல் உள்ள பிடிப்பு 100 என்றால் பீட்டா மேல் 38, ஆல்பா டோகோட்ரையினால் மேல் 12, காமா டோகோஃபெரால் மேல் 9, டெல்டா மேல் வெறும் 2.

இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகிப் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டில் வைட்டமின் ஈ எவ்வளவு இருந்தாலும் ரத்தத்தில் நிற்காது. சிறு வயதிலேயே நடை தள்ளாடும், பேச்சு குழறும், நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். அதற்கு மருந்து அதிக அளவு ஆல்பா டோகோஃபெரால். சீக்கிரம் ஆரம்பித்தால் நோய் நின்றுவிடும். ஆக, "ஆல்பா தப்பான வடிவம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். குறைபாட்டைத் தீர்ப்பதற்கு ஆல்பாதான் சரியான வடிவம். கேள்வி, குறைபாடு இல்லாதவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "செயற்கை வைட்டமின் ஈ-யில் எட்டு வகை கலந்திருக்கிறது" என்று எங்காவது படித்தால், அது வேறு எட்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் பச்சை எவியான் மாத்திரையில் இருப்பது (பாதிப் பேர் அதை உடைத்து முகத்தில் தடவுகிறார்கள் என்பது தனிக்கதை) ஆல்பா டோகோஃபெராலின் அசிடேட். ஆல்பாவைத் தொழிற்சாலையில் செய்யும்போது வலம் இடம் மாறிய எட்டு ஆல்பாக்கள் கலந்து வரும்; கல்லீரல் அவற்றில் பாதியைத்தான் வைத்துக்கொள்ளும். அதில் காமாவும் கிடையாது, டோகோட்ரையினாலும் கிடையாது. இரண்டு எட்டையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகளை மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்பது என் வழக்கம்.

சரி, பெரிய ஆய்வுகள் என்ன சொல்லின? 1993-ல் அமெரிக்காவில் செவிலியர்கள் 87,000 பேரையும் ஆண் மருத்துவத் துறையினர் சுமார் 40,000 பேரையும் கவனித்த இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு என்றன. ஆனால் மாத்திரை சாப்பிடுபவர்கள் வேறு பல விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள். 1996-ல் கேம்ப்ரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வில், உயிர் போகாத மாரடைப்பு 77 சதவீதம் குறைந்தது. 77! மருந்துக் கம்பெனிகளே இப்படி ஒரு எண்ணைக் கனவில்தான் பார்க்கும். அதற்கப்புறம் 2000-ல் 9,541 பேரை நாலரை வருஷம் தொடர்ந்த ஹோப் ஆய்வு வந்தது. பலன் பூஜ்யம்.

ஹோப் ஆய்வில் கொடுத்தது இயற்கை மூலத்திலிருந்து எடுத்த வைட்டமின் ஈ. "செயற்கை மாத்திரை கொடுத்தார்கள், அதான் தோற்றது" என்ற சாக்கு இங்கே செல்லாது. 2005-ல் 19 ஆய்வுகளை, மொத்தம் 1,35,967 பேரை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது நாளுக்கு 400 யூனிட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் சாவு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. 2011-ல் செலக்ட் ஆய்வு: 35,533 ஆண்கள், வைட்டமின் ஈ மட்டும் எடுத்த பிரிவில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வையே ஆரம்பித்தார்கள்.

"தப்பான வடிவம்" வாதத்துக்கு இங்கே ஒரு நல்ல ஆயுதம் கிடைக்கிறது. ஆல்பாவை அதிகமாகக் கொட்டினால் காமா ரத்தத்திலிருந்து காணாமல் போகிறது. 2003-ல் 184 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 400 யூனிட் ஆல்பா இரண்டு மாதம் கொடுத்தபோது காமா டோகோஃபெரால் பாதிக்கு மேல் சரிந்தது. நடு மதிப்பு 58 சதவீதம். காமாவுக்கு ஆல்பாவிடம் இல்லாத சில குணங்கள் உண்டு. நைட்ரஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளை அது தனியாகப் பிடிக்கும், வீக்கத்தைத் தூண்டும் ஒரு நொதியைக் கட்டுப்படுத்தும். மேரிலாண்டில் ஒரு ஆய்வு, ரத்தத்தில் காமா அதிகம் இருந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஐந்தில் ஒரு பங்குதான் என்றது. அப்படியானால் செலக்ட் ஆய்வில் ஆல்பா கெடுதல் செய்ததா, அல்லது காமாவைத் துரத்தியதால் கெடுதல் வந்ததா? நியாயமான கேள்வி. இதை எழுப்பியவர்களுக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் அந்த மேரிலாண்ட் ஆய்வில் நோயாளிகள் 117 பேர். கவனித்துப் பார்த்த ஆய்வு, சீட்டுக் குலுக்கிய ஆய்வு இல்லை. 1993-ல் ஆல்பாவை நம்பவைத்ததும் இதே ரகச் சான்றுதான், அதுவும் இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. ஆல்பாவுக்கு எதிராக ஒரு ரூலும் காமாவுக்கு ஆதரவாக இன்னொரு ரூலும் வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது டோகோட்ரையினாலுக்கு வருவோம். டோகோஃபெராலின் வால் நேரானது, வளைந்துகொடுக்கும். டோகோட்ரையினாலின் வாலில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். இந்தச் சின்ன வித்தியாசத்தால் அது செல் சவ்வுக்குள் சுலபமாக நகர்கிறது என்கிறார்கள். பாமாயில், தவிட்டெண்ணெய், பார்லி, அன்னாட்டோ என்ற சிவப்புச் சாய விதை (சீஸுக்கு நிறமேற்றப் பயன்படுவது) இவற்றில் கிடைக்கும். ரப்பர் பாலில்கூட உண்டு.

1986-ல் குரேஷி, எல்சன் குழு பார்லியிலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடியபோது அகப்பட்டது ஆல்பா டோகோட்ரையினால். பிறகு அதன் வேலைமுறை நன்றாகவே தெளிவானது. கொலஸ்ட்ரால் தயாரிப்பில் ஒரு முக்கியமான நொதி இருக்கிறது. ஸ்டாட்டின் மாத்திரை அந்த நொதியின் வாயை அடைக்கிறது. டோகோட்ரையினால், குறிப்பாகக் காமாவும் டெல்டாவும், அந்த நொதியைச் சீக்கிரமாகக் குப்பைக்கு அனுப்புமாறு செல்லுக்குச் சொல்கிறது. அழகான வேலைமுறை. வேலைமுறை அழகாக இருப்பதால் பலனும் இருக்கும் என்று நம்பிவிடுவது சுலபம்.

1991-ல் குரேஷி குழுவே 25 பேருக்குப் பாம்விட்டி என்ற பாமாயில் மாத்திரையைக் கொடுத்துக் கொலஸ்ட்ரால் இறங்கியது என்று அறிவித்தது. இன்றைக்கும் விற்பனைப் பக்கங்களில் தவறாமல் வரும் ஆய்வு இது. அவற்றில் வராத இரண்டு ஆய்வுகள்: 1999-ல் நெதர்லாந்தில் மென்சிங்க் குழு, நாளுக்கு 140 மில்லிகிராம் டோகோட்ரையினால், 6 வாரம். கொலஸ்ட்ராலில் மாற்றமில்லை. 2002-ல் அமெரிக்காவில் மஸ்டட் குழு, மூன்று வேறு வேறு டோகோட்ரையினால் கலவைகள், நாளுக்கு 200 மில்லிகிராம், 28 நாள், கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 67 பேர். மூன்றிலும் பலனில்லை.

இதற்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. ஆல்பா டோகோஃபெரால் கலந்திருந்தால் டோகோட்ரையினால் வேலை செய்யாதாம்; குரேஷியே 1996-ல் கோழிகளில் அப்படிக் காட்டியிருக்கிறார். மென்சிங்க் கொடுத்த மாத்திரையில் ஆல்பா கலந்திருந்தது, அதனால் அது தப்பான கலவை. சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1991-ல் "ஜெயித்த" பாம்விட்டியிலும் டோகோஃபெரால் கலந்துதான் இருந்தது! தோற்ற ஆய்வுக்குச் சொல்லும் காரணம் ஜெயித்த ஆய்வையும் சேர்த்தே அடிக்கிறது. ஒன்று இரண்டையும் தள்ளுங்கள், இல்லை இரண்டையும் எண்ணுங்கள். எண்ணினால் விடை என்ன என்பது தெரிந்ததே.

எனக்கு இந்த வாதத்தில் ஒட்டாமல் போவது இந்த இடம்தான். முதலில் ஆல்பா தப்பான வடிவம் என்றார்கள். பிறகு டோகோட்ரையினால் தோற்றால், ஆல்பா கலந்த டோகோட்ரையினால் தப்பு. அன்னாட்டோவில்தான் டோகோஃபெரால் துளியும் இல்லை, ஆகவே அதுதான் சரி. நாளைக்கு அதிலும் ஒரு பெரிய ஆய்வு தோற்றால், அளவு தப்பு, நேரம் தப்பு, சாப்பாட்டோடு கொடுக்கவில்லை என்பார்கள். "என் மிஷின்ல ஓடுதே" என்று சொல்லும் டெவலப்பரை எனக்குத் தினமும் தெரியும். அவர் சொல்வது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் கஸ்டமரின் மிஷினில் ஓடிக் காட்டும்வரை யாரும் பில்லை பாஸ் பண்ணுவதில்லை.

இதில் நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். "ஏம்ப்பா, நீ இதெல்லாம் படிக்கிறவன். ஸ்டாட்டின் போட்டா கால் வலிக்குது. அதை நிறுத்திட்டு இதைப் போட்டுக்கலாம்ங்கிறாங்க, ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுமாமே?" ஒரே நொதியின் மேல் வேலை செய்கிறது என்பது உண்மை. அதைக் கேட்டவர் ஒரே பலன் என்று எடுத்துக்கொள்கிறார். ஸ்டாட்டினுக்குப் பின்னால் லட்சக்கணக்கான பேரில் மாரடைப்பை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் நிற்கின்றன. அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் நிற்பது நான் மேலே சொன்னவை. கால் வலிக்கு டாக்டரிடம் சொல்லி வேறு ஸ்டாட்டினோ குறைந்த அளவோ கேட்கச் சொன்னேன். கேட்டார், மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாட்டிலின் லேபிளையும் படித்தேன். ஒரு மாத்திரைக்கு 50 மில்லிகிராம் டோகோட்ரையினால், 60 மாத்திரை. அதோடு வந்த துண்டுக் காகிதம் மேற்கோள் காட்டிய ஆய்வில் கொடுத்ததோ நாளுக்கு 400 மில்லிகிராம். அதாவது தினம் 8 மாத்திரை. பாட்டில் ஏழரை நாளில் காலி. "தினம் ஒன்று" என்று லேபிளில் போட்டிருந்தது.

"மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே எடுத்துக்கலாமே" என்பவர்களுக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சுத்திகரிக்காத பாமாயிலில் கிலோவுக்கு 600 முதல் 1,000 மில்லிகிராம் வைட்டமின் ஈ. அதில் 70 சதவீதம் டோகோட்ரையினால் என்றால் 420 முதல் 700 மில்லிகிராம். நாளுக்கு 400 மில்லிகிராம் வேண்டுமானால் ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு மேல், ஒரு கிலோ வரை எண்ணெய் குடிக்க வேண்டும். சுத்திகரிக்கும்போது கொஞ்சம் போய்விடும் என்பதால் ரேஷன் பாமாயிலில் இதைவிட மோசம். மாதம் ஒரு லிட்டர் கார்டுக்கு வருவதை ஒரே ஆள் ஒரே நாளில் முடிக்க வேண்டும். தவிட்டெண்ணெய் பாக்கெட்டில் "டோகோட்ரையினால் நிறைந்தது" என்று அச்சடித்திருப்பது பொய்யில்லை, ஆனால் ஆய்வில் கொடுத்த அளவுக்கும் நம் தாளிப்புக் கரண்டிக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, கண்ணாடித் தட்டில் செய்த ஆய்வுகள். டோகோட்ரையினால் மார்பகப் புற்று செல்லைக் கொன்றது, கணையப் புற்று செல்லைக் கொன்றது என்று செய்திகள் வரும். இவற்றைப் படிக்கும்போது நான் பார்க்கும் ஒரே எண் அடர்த்தி. இப்படிப்பட்ட ஆய்வுகளில் சாதாரணமாக 10 மைக்ரோமோலாரிலிருந்து பல பத்து மைக்ரோமோலார் வரை ஊற்றுகிறார்கள். மாத்திரை சாப்பிட்ட மனிதர்களின் ரத்தத்தில் ஆல்பா டோகோட்ரையினால் உச்சத்தில் எட்டியது சுமார் 3 மைக்ரோமோலார். அதுவும் நிற்காது. 2001-ல் எட்டுப் பேரிடம் அளந்தபோது, ரத்தத்தில் இருந்தது பாதியாகக் குறைய 2 முதல் 4 மணி நேரமே ஆனது. வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் ஏறுவதே பாதிக்கும் கீழ். கல்லீரல் வாசலில் நிற்கும் அந்தப் புரதத்தின் வேலை இது. கணையப் புற்றில் மனிதர்களிடம் ஒரு ஆரம்பநிலைச் சோதனை நடந்திருக்கிறது, 2015-ல் வெளியானது, 25 நோயாளிகள், அறுவை சிகிச்சைக்கு முன் சில நாட்கள் டெல்டா டோகோட்ரையினால். பாதுகாப்பானதா என்று பார்க்கும் சோதனை அது. அதைக் குணமாக்கியது என்று எழுதுபவர்கள் நோயாளிகளின் குடும்பங்களோடு விளையாடுகிறார்கள்.

இதே அடர்த்தி அளவுகோலில் ஒரு விஷயம் மட்டும் தப்பிக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. மூளை. சென் குழு 2000-ல் காட்டியது: குளுட்டமேட் நச்சால் சாகும் நரம்பு செல்களை ஆல்பா டோகோட்ரையினால் நானோமோலார் அளவிலேயே காப்பாற்றுகிறது. மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமோலார். மாத்திரையால் தாராளமாக எட்டக்கூடிய அளவு. ஆல்பா டோகோஃபெராலால் அந்த அளவில் அது முடியவில்லை. கடத்துபுரதம் இல்லாத எலிகளிலும் டோகோட்ரையினால் உறுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்ததை 2005-ல் காட்டினார்கள். 2012-ல் மனிதத் திசுக்களிலும், மூளை உட்பட, கண்டுபிடித்தார்கள். கல்லீரல் வாசலைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி இருக்கிறது.

இதை மனிதர்களிடம் சோதித்தது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 2014-ல் வெளியானது. மூளையின் வெண்பொருளில் சிறு சிறு புள்ளிச் சேதங்கள் ஸ்கேனில் தெரிந்த 121 பேர். பாதிப் பேருக்கு 200 மில்லிகிராம் பாமாயில் டோகோட்ரையினால் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை, இரண்டு வருஷம். டம்மி பிரிவில் சேதத்தின் பரப்பு கூடியது. டோகோட்ரையினால் பிரிவில் கூடவில்லை. முதல் வருஷ முடிவில் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை, இரண்டாம் வருஷம் தெரிந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தது, நீண்ட காலம், முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஒரு வேலைமுறை. இத்துறையில் நான் படித்ததிலேயே நல்ல ஆய்வு இதுதான்.

ஆனாலும் ஸ்கேனில் தெரியும் புள்ளி என்பது பக்கவாதம் ஆகாது, மறதி நோயும் ஆகாது. கேம்ப்ரிட்ஜின் 2,002 பேரும் 77 சதவீதமும் நான்கு வருஷத்தில் என்ன ஆனது என்று பார்த்தோம். இங்கே 121 பேர். உலகத்தில் பாமாயில் அதிகம் தயாரிக்கும் இரண்டாவது நாடு மலேசியா, டோகோட்ரையினால் ஆராய்ச்சிக்கு அங்கே பாமாயில் வாரியம் பல வருஷமாக ஆதரவு தருகிறது. அதனால் முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆல்பாவை விற்றவர்களும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள்தான். பாமாயில் விற்காத ஒரு நாட்டில், சில ஆயிரம் பேரில், பக்கவாதத்தையே எண்ணிப் பார்க்கும் ஆய்வு நடந்து இதே முடிவு வந்தால், நான் முதல் ஆளாகச் சித்தப்பாவுக்கு போன் போடுவேன்.

அதே பக்கவாதத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஆல்பா ஆய்வுகளை 2010-ல் தொகுத்துப் பார்த்தபோது, அடைப்பால் வரும் பக்கவாதம் 10 சதவீதம் குறைந்தது, மூளையில் ரத்தம் கசிந்து வருவது 22 சதவீதம் கூடியது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போடுபவர்கள் பச்சை மாத்திரையை "வெறும் வைட்டமின்தானே" என்று தாங்களாகச் சேர்த்துக்கொள்வது எனக்கு டோகோட்ரையினாலைவிடப் பெரிய கவலை. பல "டோகோட்ரையினால்" மாத்திரைகளிலும் ஆல்பா கணிசமாகக் கலந்திருக்கிறது, பின்பக்க அச்சைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. வைட்டமின் ஈ உருப்படியாக ஜெயித்த ஆய்வு ஒன்று உண்டென்றால் அது 2010-ல் வந்த பிவென்ஸ். கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கிய, சர்க்கரை நோய் இல்லாத 247 பேர்; தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ; கல்லீரலிலிருந்து துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டம்மி மாத்திரையில் 19 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வைட்டமின் ஈ-யில் 43 சதவீதம். கொடுத்தது ஆல்பா டோகோஃபெரால். அதாவது அந்தத் "தப்பான" வடிவம். டோகோட்ரையினால் விற்பவர்களின் பக்கங்களில் இதைத் தேடிப் பாருங்கள். (டாக்டர் சொல்லாமல் 800 யூனிட் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்; மேலே உள்ள புராஸ்டேட், ரத்தக்கசிவு எண்கள் இவர்களுக்கும் பொருந்தும்.)

கடைசியாக, எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த ஒரு சின்ன ஆய்வு. எள்ளில் இருக்கும் வைட்டமின் ஈ பெரும்பாலும் காமா. 2001-ல் ஹவாயில் சிலருக்கு மஃபின் செய்து கொடுத்தார்கள். ஒன்றில் எள், ஒன்றில் வால்நட், ஒன்றில் சோயா எண்ணெய். எல்லாவற்றிலும் காமா டோகோஃபெரால் ஒரே அளவு, நாளுக்கு வெறும் 5 மில்லிகிராம். வால்நட்டும் சோயாவும் ரத்தத்தில் ஒன்றும் செய்யவில்லை; எள் சாப்பிட்டபோது மட்டும் காமா 19 சதவீதம் ஏறியது. காரணம் அடுத்த வருஷம் தெரிந்தது. காமாவின் வாலை வெட்டி வெளியே அனுப்பும் நொதியை எள்ளில் இருக்கும் செசமின் என்ற பொருள் மந்தப்படுத்துகிறது. ஆல்பாவைக் கொட்டினால் காமா போகிறது, எள்ளைச் சேர்த்தால் காமா நிற்கிறது. வாசல் காவலைத் தாண்ட மாத்திரைக் கம்பெனிகள் இவ்வளவு பாடுபடும்போது, எள் சத்தமில்லாமல் கழிவுக் குழாயை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

நல்லெண்ணெய்க்கு விளம்பரம் எழுத யாராவது இதை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர், சாப்பிட்டது 3 நாள், அளந்தது ரத்தத்தில் டோகோஃபெரால் அளவை மட்டும்.